பிக்கப் தின்ற கதலிப்பழம்

— எத்தினை பழம் போட்டனீ?

— பன்னிரண்டு, அண்ணை.

— பன்னிரண்டோ! டேய் பஸ்ரியன், நான் உன்னைப் பிக்கப்புக்குப் போடச் சொன்னனான். திருநாளுக்கு வந்த சனத்துக்குப் பந்தி வைக்கச் சொல்லேல்ல.

— நீங்கள்தானே சொன்னனீங்கள், கதலிப்பழத்தைப் பிசைஞ்சு டிஃபுக்குள்ள விட்டா உந்தச் சிணுங்கல் அடங்கும் எண்டு. கூடப் போட்டாக் கூட அடங்கும் எண்டு நினைச்சன்.

— மூண்டு போதும். மிச்சத்துக்கு மரத்தூள். மாதாவே, தோலையும் சேத்தே போட்டனீ?

— தோலைக் கழுதை திண்டிட்டுது. அந்தா, வேலியடியில இன்னும் வேணும் எண்டு நிக்குது பாருங்கோ.

— அதை விடு. எஞ்சினை எடு. இஞ்ச இருந்து பெரிய கோயிலடி மட்டும் ஓடிப் பாத்தனியோ?

— ஓடினன் அண்ணை. கேளுங்கோவன், முந்தி நாப்பதில போகேக்க ங்ஙீ, ங்ஙீ எண்டு பிள்ளை பசிக்கு அழுற மாதிரி அழும். இப்ப ஒரு சத்தம் இல்லை. வாய்க்குள்ள சோத்தை வைச்சுக்கொண்டு அழுற மாதிரி ஒரு முனகல்தான்.

— அது காணும். வாகனம் வாங்க வாற மனுசிக்கு அது கேக்காது.

— ஆனா அண்ணை, ஒண்டு கேக்கிறன், கோவியாதேங்கோ. கெட்டது டிஃப்தான் எண்டு உங்களுக்கு நிச்சயமோ? போன மாசம் ஃபான் பெல்ட் எண்டனீங்கள், மாத்தினம். பேந்து டைனமோ பெயரிங் எண்டனீங்கள், அதையும் மாத்தினம். அதுக்குப் பிறகு என்ர காது எண்டனீங்கள்.

— உன்ர காதிலயும் பிழை இருக்குத்தான். டேய், நோயைப் பிடிக்கிறதெண்டா ஒவ்வொண்டாக் கழிச்சுக்கொண்டுதான் வரவேணும். நிண்ட இடத்தில நிண்டு எஞ்சினை முறுக்கினா அழுதோ?

— இல்லை.

— அப்ப எஞ்சின் இல்லை. ஓடேக்க கியரைக் கழட்டி வெறுமன உருள விட்டாலும் அழுதோ?

— அழுது.

— அப்ப கியர் பொக்ஸும் இல்லை. சில்லு நாலையும் தூக்கிக் கையால சுத்திப் பாத்தன், சுகமாச் சுத்துது. மிச்சம் என்ன கிடக்கு? பின்சில்லு ரெண்டுக்கும் நடுவில தொங்குதே, பல்லுச்சில்லுகள் கிடக்கிற இரும்புப் பெட்டி, அதுதான். டிஃப்.

— அப்ப அதைத் திறந்து செய்யிறதுக்கென்ன? பழம் போட்டு மூடுறதை விட்டிட்டு?

— திறக்கலாம். உள்ளுக்க எது கெட்டதெண்டு தெரியாமத் திறந்தா, திரும்பப் பூட்டேக்க ரெண்டு நட்டு என்ர கையில மிஞ்சும். நான் வள்ள எஞ்சினோட வளந்தவனடா. பேசாலைக் கரையில எமிலியானுஸ் தொட்டா எந்த வள்ள எஞ்சினும் குதிரை மாதிரி எழும்பும். ஆனா வள்ளத்துக்கு டிஃப் இருக்கோ? கடலில சில்லு உருளுதோ?

— உதை நீங்கள் முதலே சொல்லியிருந்தா நான் வவுனியாவுக்குக் கொண்டு போயிருப்பன்.

— போயிருந்தா அங்கயும் பழம்தான் போட்டிருப்பாங்கள். சரி, ஆர் அந்த மனுசி?

— நறுவிலிக்குளமாம். சிவபாக்கியம் எண்டு பேர். நான் கருவாடு கொண்டு போற ஊருகளில பிக்கப் ஆற்ற எண்டு விசாரிச்சு, விக்கிற யோசனை இருந்தாச் சொல்லச் சொல்லி ஆள் அனுப்பினவ. நான் தேடிப் போகேல்ல அண்ணை, அவவா வாறா. மாதா அனுப்பின மாதிரி.

— மாதாவைப் பழத்துக்குள்ள இழுக்காதை. வித்திட்டு?

— ஃபைபர் வள்ளம் ஒண்டு எடுப்பன். சண்டை முடிஞ்சு ரெண்டு வருசமாச்சு. இப்பதான் கடலுக்கு ஒழுங்கா விடுறாங்கள். கரையில நிண்டு மற்றவன் பிடிச்ச மீனைக் கருவாடாக் காவித் திரிய எனக்கு வெக்கமாக் கிடக்கு. பெண்சாதி றோஸ்மேரியும் சொல்லிப்போட்டாள், இந்தத் திருநாளுக்குள்ள வள்ளம் இல்லையெண்டா நீ என்னோட கதையாதை எண்டு.

— அது நல்லதுதானே?

— அண்ணை!

— சரி, சரி. வாகனம் பதிஞ்ச புத்தகம் எங்கயெண்டு அவ கேட்டா என்ன சொல்லுவாய்?

— வருது எண்டு சொல்லுவன். பழைய இரும்புக்காரன் எனக்கு அப்பிடித்தான் சொன்னவன். ஒரு வருசமா வருது.

— நல்லாப் போச்சு. அந்தா, பஸ்ஸால இறங்கி ஒரு மனுசி வாறா. மரத்தூள் சாக்கை மறை. கழுதையைக் கலை.

*

— பஸ்ரியன் எண்டுறது?

— நான்தான் அக்கா. வாங்கோ, உந்தக் கதிரையில இருங்கோ. இவர் எமிலியானுஸ் அண்ணை, கராஜ் இவற்றது.

— இருக்கேல்லத் தம்பி. பஸ்ஸில இருந்து முதுகு விட்டுப்போச்சு. இதுவோ வாகனம்? பச்சையாக் கிடக்கு.

— நான்தான் அக்கா பச்சை அடிச்சனான். முந்தி வெள்ளை.

— ம். வெள்ளை.

— தங்கச்சிக்கு வாகனம் பாத்து வாங்கிப் பழக்கமோ?

— எனக்கென்ன தெரியும் மெக்கானிக்கர். சில்லு நாலு இருக்கோ எண்டு பாப்பன்.

— அது போதும் தங்கச்சி. அதுக்கு மேல பாக்கிறவைதான் ஏமாறுறது.

— தம்பி, புத்தகம் கிடக்கோ?

— வருது அக்கா.

— எங்க இருந்து?

— அது... வாற இடத்தில இருந்துதான் அக்கா. ஏறுங்கோ, ஒருக்கா ஓடிப் பாப்பம். அண்ணை, நீங்கள் நடுவில இருங்கோ.

— நான் ஏனடா?

— வாங்கோ அண்ணை. ஏதும் கேட்டா நீங்கள்தான் மறுமொழி சொல்லவேணும்.

— கதவை ஓங்கி அடியுங்கோ தங்கச்சி. இன்னும் ஓங்கி. ஆ, சரி.

— தம்பி, கருவாட்டு மணம் எனக்கு விளங்குது. உந்த வாழைப்பழ வாசம் எங்க இருந்து?

— அது அண்ணை காலமை சாப்பிட்டவர், அக்கா.

— ஓம் தங்கச்சி. எனக்குப் பழம் எண்டா உயிர்.

— எத்தினை சாப்பிட்டனீங்கள் மெக்கானிக்கர்? வாகனம் முழுக்க மணக்குது.

— பன்னிரண்டு.

— வயிறு கவனம்.

— பாருங்கோ அக்கா, தலைமன்னார் றோட்டில இவ்வளவு பள்ளமும் கிடங்கும் கிடந்தும் ஒரு குலுக்கம் இல்லை. சும்மா சொல்லப்படாது, தொட்டில் மாதிரிப் போகுது.

— நாப்பதுக்கு விடுங்கோ தம்பி.

— இந்தா நாப்பது.

— ம். இப்பக் காலை எடுங்கோ.

— எடுத்திட்டன்.

— திரும்ப அமத்துங்கோ. எடுங்கோ. ஒண்டும் கேக்கேல்ல.

— அதுதானே அக்கா! ஒரு பூனை நடந்தாலும் இதைவிடச் சத்தம் கேக்கும்.

— மெய்யாவே ஒண்டும் கேக்காதோ? பின்பக்கத்தால மெல்லமா, பிள்ளை மூக்கால அழுற மாதிரி?

— என்ன தங்கச்சி கதைக்கிறீங்கள்? நான் முப்பது வருசம் எஞ்சினோட கிடந்தவன். மாதா சத்தியமாச் சொல்லுறன், உந்த வாகனத்தில ஒரு அழுகையும் இல்லை.

— அப்ப நிப்பாட்டுங்கோ தம்பி.

— ஏனக்கா? கழுதை ஏதும் குறுக்க வந்ததோ?

— இல்லை. நான் இறங்கப் போறன். அந்த மரத்தடியில நிண்டா மன்னார் பஸ் வரும்தானே? அதில போறன். உங்கட நேரத்தை வீணாக்கிப் போட்டன், குறை நினையாதேங்கோ.

— அக்கா, அக்கா! என்ன நடந்தது? விலை பேசவே இல்லையே!

— இது நான் தேடி வந்த வாகனம் இல்லைத் தம்பி. நான் தேடினது சிணுங்கிற வாகனம். போன மாசம் மன்னார் பஸ் ஸ்டாண்டில நிக்கேக்க ஒரு பச்சைப் பிக்கப் போச்சு. அது போன சத்தத்தை நான் கேட்டனான். கேட்டிட்டு மூண்டு கிழமையா ஊரூரா விசாரிச்சு வந்தனான். இது மூச்சே விடுகுதில்லை. உங்களில பிழை இல்லை. எனக்குத்தான் ஆரோ பிழையாச் சொல்லிப்போட்டினம்.

— தங்கச்சி, ஒரு நிமிசம். சத்தம் வேணும் எண்டே வந்தனீங்கள்? உலகத்தில ஆராவது சத்தத்தை விலைக்கு வாங்குவினமோ?

— வாங்க வந்தன். இல்லையெண்டுறீங்கள். கதவைத் திறக்கிறது எப்பிடி, இப்பிடியோ?

— இருங்கோ அக்கா! சிணுங்கும்! இந்த வாகனம் நல்லாச் சிணுங்கும்!

— டேய் பஸ்ரியன்!

— விடுங்கோ அண்ணை, என்ர வள்ளம் போகப்போகுது. அக்கா, கேளுங்கோவன், இது மாதிரிச் சிணுங்கிற வாகனம் வடக்கு மாகாணத்திலயே இல்லை. இவர்தான் பழம் போட்டு அடைச்சு வைச்சிருக்கிறார்!

— நானோ? பன்னிரண்டு போட்டது ஆர்? நான் மூண்டெண்டுதானே நினைச்சனான்!

— அப்ப மெக்கானிக்கர் காலமை பழம் சாப்பிடேல்ல?

— இல்லைத் தங்கச்சி. பிக்கப்தான் சாப்பிட்டது.

— மாதா சத்தியம் எண்டனீங்கள்.

— அழுகை இல்லை எண்டுதானே சொன்னனான். அழுகைக்கு வாயைப் பொத்தினதைப் பத்தி நான் ஒண்டும் சத்தியம் பண்ணேல்ல.

— கெட்டிக்காரன். தம்பி, வாகனத்தைத் திருப்புங்கோ. கராஜுக்குப் போவம். பழத்தை வெளியில எடுங்கோ.

*

— பஸ்ரியன், சட்டியைக் கிட்டப் பிடி. அடி நட்டைக் கழட்டுறன்.

— பிடிச்சிட்டன் அண்ணை. ஐயோ, என்ன இது, களி மாதிரி வருது!

— கூழ். பழக்கூழ். மாதாவே, என்ர தொழிலுக்கு வந்த அவமானம். தங்கச்சி, நீங்கள் அங்கால பாருங்கோ, இது பொம்பிளையள் பாக்கிற காட்சி இல்லை.

— நான் இதைவிட மோசமானது பாத்தனான் மெக்கானிக்கர். கழுதையைப் பிடியுங்கோ, சட்டிக்குள்ள வாயை வைக்கப் பாக்குது. இப்ப டீசல் விட்டுக் கழுவி, நல்ல ஒயில் ஊத்துங்கோ. ஊத்திப் போட்டு எஞ்சினை எடுக்கிற திறப்பை என்னட்டத் தாங்கோ.

— அக்காவுக்கு ஓட்டவும் தெரியுமோ?

— உழவு மிசின் ஓட்டினனான் தம்பி. எனக்கென்ன தெரியும், அது மாதிரித்தானே இதுவும்.

— அண்ணை, குடுக்கட்டோ?

— குடு, குடு. ஒயில் விட்டாச்சு. என்ன நடக்குதெண்டு பாப்பம். ஏறடா நீயும்.

— அக்கா, கியர் கொஞ்சம் இறுக்கம். மூண்டு விழாது, முதல்ல ஒருக்கா...

— ஒருக்கா ரெண்டுக்கு வந்து மெல்லத் தட்ட விழும். தெரியும்.

— அண்ணை, எப்பிடி இவவுக்குத் தெரியும்?

— வாயை மூடு. ஓட்டத்தைப் பார். கிடங்குகளுக்கால என்ன வடிவா எடுத்துக்கொண்டு போறா.

— இப்பக் கேளுங்கோ ரெண்டு பேரும். முப்பத்தெட்டில துவங்கும்.

— ஓமக்கா... துவங்கீட்டுது. ங்ஙீ எண்டு.

— நாப்பதில முழுசா எழும்பும். இப்பக் காலை எடுக்கிறன், கூடுதோ?

— கூடுது! மாதாவே, காலை எடுக்கக் கூடுது! டேய் பஸ்ரியன், இதை ஏனடா நீ எனக்குச் சொல்லேல்ல?

— நீங்கள் கேக்கேல்லையே அண்ணை!

— ஐம்பத்தைஞ்சில திடீரெண்டு அடங்கும். இந்தா, அடங்கீட்டுது. அறுபத்தைஞ்சு தாண்டினாத் திரும்ப அழும், ஆனா அவ்வளவு வேகமா ஓட எங்களுக்கு முதல் நாள் ஒருக்காத்தான் றோட்டுக் கிடைச்சது.

— தங்கச்சி, ஓரமா நிப்பாட்டுங்கோ. நிப்பாட்டுங்கோ. நான் மண்ணில கீறிக் காட்டவேணும். பஸ்ரியன், இறங்கு. இந்தா பார். எஞ்சினில இருந்து வாற தண்டு இது. டிஃபுக்குள்ள நுழையிற வாசல் இது. அந்த வாசலில தண்டைத் தாங்கிச் சுத்த விடுற பெயரிங் ஒண்டு இருக்கு. ஓடுறதுக்குக் காலை அமத்தேக்க தண்டு ஒரு பக்கத்துக்குத் தள்ளுப்படும். காலை எடுக்க மற்றப் பக்கத்துக்கு இழுபடும். பெயரிங் தேஞ்சு ஆட்டம் குடுத்தா, அந்த இழுபடுற நேரத்திலதான் பல்லும் பல்லும் உரசும். அதுதான் காலை எடுக்க அழுகை கூடுது! முழு டிஃபும் கெடேல்ல. வாசல் பெயரிங் ஒண்டுதான்!

— அப்ப செய்யலாமோ அண்ணை?

— செய்யலாமோவோ? மாத்தி, நட்டை அளவா இறுக்கினாச் சரி. ஒரு நட்டும் என்ர கையில மிஞ்சாது. ஆனா எனக்கொரு கேள்வி. தங்கச்சி, எனக்கென்ன தெரியும் எனக்கென்ன தெரியும் எண்டு சொல்லிக்கொண்டு வந்தனீங்கள். முப்பத்தெட்டில துவங்கும் எண்டு எப்பிடித் தெரியும்?

— ஓட்டினனான்.

— எதை?

— இதை. வெள்ளையா இருக்கேக்க.

— பஸ்ரியன், அந்தக் கல்லில இரு. நிறம் மாறுது உனக்கு.

— அக்கா... விளங்கேல்ல.

— பின்பக்கம் போய்ப் பாருங்கோ தம்பி. வலப்பக்கப் பலகையில, மூலையில, ரெண்டு பெரிய ஆணி கிடக்கும். வளைச்சு அடிச்சது.

— கிடக்கு. நான் சங்கிலி கொழுவுறது அதிலதான்.

— நான் அடிச்ச ஆணி. என்ர மகள் கீர்த்திகாவின்ர பிள்ளையைச் சீலையில போட்டு ஆட்ட, ஏணை கட்ட. யதுர்சிகா அப்ப நாலு மாசம். அடம்பனில இருந்து வெளிக்கிட்டு ஒரு வருசம் ஊரூரா ஓடிக்கொண்டிருந்தனாங்கள். கடைசி மூண்டு மாசம் இதுக்குள்ள. பதினேழு பேர், ரெண்டு ஆடு, ஒரு தையல் மிசின். என்ர மனுசன் சரவணமுத்துவுக்குக் காலில காயம், அவரால ஓட்ட ஏலாது. அப்ப ஆர் ஓட்டுறது? உழவு மிசின் ஓட்டினவள் எண்டு என்னை ஏத்தி விட்டினம்.

— மாதாவே.

— தேராவில் பக்கத்தில ஒரு பள்ளத்துக்குள்ள இறங்கி ஏறேக்க டிஃப் அடி பட்டு ஒயில் முழுக்க ஒழுகிப் போச்சு. ஒயிலுக்கு எங்க போறது? விளக்கெரிக்கவே மண்ணெண்ணெய் இல்லை. மனுசன் உடுப்புத் தோய்க்கிற சவுக்காரத்தைப் பிசைஞ்சு ஓட்டையை அடைச்சார். அடைச்சுப்போட்டு, தலைக்கு வைக்கிற நல்லெண்ணெய்ப் போத்தல் ரெண்டைக் கொண்டந்தார்.

— டிஃபுக்கோ? நல்லெண்ணெயோ?

— வெள்ளிக்கிழமை வேற. எண்ணெய் முழுக்கு எண்டு நாங்கள் எல்லாரும் சிரிச்சம். மெக்கானிக்கர், நீங்கள் பழம் போட்டனீங்கள் எண்டு நான் ஏன் கோவிக்கேல்ல எண்டு இப்ப விளங்குதோ?

— விளங்குது. பழத்தை விட எண்ணெய் ஒரு படி மேல.

— அண்டைக்கிருந்துதான் சிணுங்கத் துவங்கினது. முதல் நாள் எல்லாருக்கும் எரிச்சல். ரெண்டாம் நாள் பாத்தா, யதுர்சிகா அது அழுதா நித்திரை. வாகனம் நிண்டா முழிச்சுக் கத்துவாள். நாப்பதில போனாப் பிள்ளை நித்திரை கொள்ளும் எண்டு, நான் நாப்பதுக்கு மேலயும் போறேல்ல, கீழயும் போறேல்ல. பின்னால செல்குண்டு விழுது, முன்னால நான் பிள்ளைக்குத் தாலாட்டு ஓட்டுறன். பேந்து வலைஞர்மடத்தில றோட்டும் முடிஞ்சுது, டீசலும் முடிஞ்சுது. இறங்கி நடந்திட்டம்.

— பதினேழு பேருமோ?

— பதினாறு. அதை விடுங்கோ. இப்ப பிள்ளைக்கு ரெண்டரை வயசு. பல்லு முளைச்சு என்னைக் கடிக்கிறாள்.

— அக்கா, நான் ஒண்டு சொல்லட்டோ? நான் களவெடுக்கேல்ல. இரும்புக்காரனிட்டக் காசு குடுத்துத்தான் எடுத்தனான். கூடும் சில்லும் செத்த எஞ்சினும்தான் கிடந்தது. எஞ்சினை இவர் உயிர்ப்பிச்சு, நான் பச்சை அடிச்சு...

— ஆர் உன்னைக் கள்ளன் எண்டது?

— உங்களிட்டப் புத்தகம் இருக்கும். நீங்கள் பொலிசுக்குப் போனா...

— உன்னட்டப் புத்தகம் இருக்கோ?

— இல்லை அக்கா. வரவும் வராது.

— அப்ப புத்தகக் கதையை விடு. நான் பொலிசுக்குப் போறதெண்டா பேசாலை பஸ்ஸில ஏன் ஏறுறன்?

— தங்கச்சி, நான் நடுவில நிண்டு ஒண்டு கேக்கிறன். உங்களுக்கு என்ன வேணும்? வாகனத்தைத் திருப்பித் தா எண்டுறீங்களோ? எண்டா இவன் குடுக்கத்தான் வேணும். நியாயம் அதுதான். ஆனா இவன்ர பெண்சாதி என்னைத்தான் முதல்ல கொல்லுவாள்.

— நான் இறங்கடா எண்டு சொல்லுற ஆள் இல்லை மெக்கானிக்கர். எங்களை ஆரும் அப்பிடிச் சொன்னா எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியும். தம்பி, நறுவிலிக்குளத்தில என்னோட பதினொரு குடும்பம் திரும்ப வயல் செய்யுது. நெல்லும் மரக்கறியும் கிடக்கு. மன்னாருக்குக் கொண்டு போக வாகனம் இல்லை. வாறவன் சொல்லுற விலைதான். எல்லாருமாச் சேத்துக் கொஞ்சம் காசு வைச்சிருக்கிறம். முழு வாகனத்துக்குக் காணாது. பாதிக்குக் காணும்.

— பாதி வாகனம் எண்டா, அக்கா, முன்பக்கமோ பின்பக்கமோ?

— கிழமையில பாதி. மூண்டு நாள் நான் ஓட்டுறன், மூண்டு நாள் நீ ஓட்டு. ஞாயிறு அது ஓய்வெடுக்கட்டும், உங்களுக்குப் பூசை தானே. பாதிக் காசில நீ வள்ளத்தைப் பங்குக்கு எடு. எடுத்து, பிடிக்கிற மீனை இதிலயே ஏத்து. என்ர நெல்லுச் சாக்கில கருவாடு மணந்தா மட்டும் உன்னைச் சும்மா விடமாட்டன்.

— அண்ணை, என்ன சொல்லுறீங்கள்?

— டேய், முழுசாத் தா எண்டு கேக்க வேண்டிய மனுசி, பாதிக்குக் காசும் தாறன் எண்டுறா. நீ இன்னும் கல்லில இருக்கிறாய். எழும்பி ஓம் எண்டு சொல்லடா!

— ஓம் அக்கா. நூறு தரம் ஓம். மாதா மேல ஆணை, ஒரு கருவாடும் மணக்காது.

— மெக்கானிக்கர், பெயரிங் மாத்த எத்தினை நாள்?

— வவுனியாவில இருந்து பெயரிங் வரவேணும். பத்து நாள் தாங்கோ. தங்கச்சி, கூலி வேண்டாம். என்ர பழத்துக்குப் பிராயச்சித்தம்.

*

— அறுபது அக்கா. கேளுங்கோவன்.

— ம்.

— எழுபது. இப்பக் காலை எடுக்கிறன். ஒண்டும் இல்லை! அண்ணை, உண்மையாவே ஒண்டும் இல்லை! பழமும் இல்லை!

— பழம் இல்லாமச் செய்யிறவன்தானடா மெக்கானிக். ஒரு நட்டும் மிஞ்சேல்ல. கழுதை மட்டும் என்னோட கோவம், கராஜுக்கு வாறதை விட்டிட்டுது. எப்பிடித் தங்கச்சி, என்ர வேலை?

— காது வெறிச்செண்டு கிடக்கு மெக்கானிக்கர். நல்லாத்தான் செய்திருக்கிறீங்கள். இனிப் பிள்ளையைக் கையாலதான் ஆட்டவேணும்.

— அக்கா, வள்ளத்துக்கு நாளைக்கு முற்பணம் குடுக்கிறன். றோஸ்மேரி உங்களைச் சாப்பாட்டுக்கு வரச் சொன்னவள். பாரை மீன் குழம்பு.

— வாறன் தம்பி. வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம்.

— அப்ப ஒரு வேலைதான் மிச்சம். புத்தகத்தை எடுங்கோ. பதிவுக் கந்தோருக்குக் கொண்டு போய் ரெண்டு பேரின்ர பேருக்கும் மாத்துவம்.

— எந்தப் புத்தகம்?

— வாகனப் புத்தகம் அக்கா. உங்கட பேரில இருக்கிறது.

— என்ர பேரில இருக்கெண்டு ஆர் சொன்னது?

— நீங்கள்தானே! தங்கச்சி, மாதா சத்தியமா நீங்கள்தான், எங்கட வாகனம் எண்டு...

— எங்கட எண்டு நான் எப்ப சொன்னனான் மெக்கானிக்கர்? நல்லா யோசியுங்கோ. ஓட்டினனான் எண்டுதான் சொன்னனான்.

— இருங்கோ. ஆணி அடிச்சனான் எண்டனீங்கள். எண்ணெய் விட்டதெண்டனீங்கள். மூண்டு மாசம் இதுக்குள்ள எண்டனீங்கள்... டேய் பஸ்ரியன், இவ சொல்லேல்லையடா. ஒருக்காலும் சொல்லேல்ல.

— அப்ப பாதிக் காசுக்கு நான் ஓம் எண்டது? அக்கா! அப்ப இது ஆற்ற வாகனம்?

— விசுவமடுச் சந்தியில, கதவு திறந்தபடி, திறப்புத் தொங்க, உள்ளுக்க ஒரு சனமும் இல்லாம நிண்டுது தம்பி. நாங்கள் ஏறினம்.